பலத்தைக் கழித்த கணக்கு

வாருங்கள், வந்து பாருங்கள். பார்த்த பிறகு, எனக்குத் தெரியாது என்று சொல்லும் உரிமையை நீங்கள் இழந்துவிடுவீர்கள். அதை அறிந்தே வாருங்கள். இங்கே ரத்தம் இல்லை, கூக்குரல் இல்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. மின்விசிறி சுழல்கிறது. ஒருவர் மரியாதையாகக் கேள்வி கேட்கிறார். ஒரு பெண் மரியாதையாகப் பதில் சொல்கிறாள். கடைசியில் ஒரு கழித்தல் நடக்கிறது. அந்தக் கழித்தல்தான் குற்றம்.

இடம், அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறை. முன்பு கைக்குழந்தைகளை எடை பார்த்த அறை அது. எடை பார்க்கும் கருவியை எடுத்துப்போக யாரும் வரவில்லை. அதன் தட்டின் மேல் இப்போது ஃபைல்கள் கிடக்கின்றன. வாசலில் ‘இளையோர் மனநலப் பிரிவு’ என்று பலகை. அறைக்குள் இன்னொரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் ஆலோசகர் உட்கார்ந்திருக்கிறார். அந்த வட்டாரம் முழுவதற்கும் அவர் ஒருவரே. வாரந்தோறும் அவர் எதிரில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச ஓர் இடம் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று வந்தவர்களால் வெளியே நாற்காலிகள் நிரம்பி வழிகின்றன.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடப் பெண், தாயோடு. வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர். நடக்கக் கற்ற வயதில் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததால் வந்த பெயர். சேட்டை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாய் சலவை நிலையத்தில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். முழங்கை வரைக்கும் நீராவி சுட்ட தழும்புகள். தகப்பன் வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டு போனவன். அவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி செலவழிக்க வேண்டியதில்லை.

வாலு தூங்குவதில்லை. சாப்பிட்டதாகச் சொல்கிறாள், சாப்பிடுவதில்லை. வகுப்பின் நடுவே கழிவறைக்குப் போய்த் தன் முன்கையைத் தானே கடித்துக்கொண்டு திரும்பி வருகிறாள். வீட்டிலும் முழுக்கைச் சட்டையையே போட்டுக்கொண்டிருந்ததால் தாய் கண்டுபிடித்தாள். உள் கதவுக்கு அப்பால் அவளுக்கு ஓர் இடம் வேண்டும். கதை இவ்வளவுதான்.

அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்று அளப்பதற்கு ஓர் இளைஞர் இருந்தார்; மதிப்பீட்டாளர். அவர் கையில் ஒரு கேள்வித்தாள். அதில் ஒரு பாதி சிரமங்களைக் கேட்கும். மறு பாதி பலங்களைக் கேட்கும். அதை வகுத்தவர்கள் நல்லதை எண்ணித்தான் வகுத்தார்கள். ஒருவரிடம் எது உடைந்திருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், எது உடையாமல் நிற்கிறது என்றும் பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஏறி வர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அந்த மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்கோ நாற்காலிகள் நிரம்பி வழிந்த கவலை. அவர் ஒரு விதி செய்தார்: சிரமத்தின் மதிப்பெண்ணிலிருந்து பலத்தின் மதிப்பெண்ணைக் கழித்துவிடு, மிச்சம் அதிகம் உள்ளவருக்கே இடம். கேட்பதற்கு அறிவாளித்தனமாகத்தான் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மதிப்பீட்டாளர் கேட்டார்.

“எடுத்த வேலையை முடிக்காம விடுவியா, முடிச்சிடுவியா?”

“முடிச்சிடுவேன் சார்.”

“வீட்ல யாருக்காச்சும் உடம்பு முடியலன்னா?”

தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. “என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? எனக்குக் காய்ச்சல் வந்தா டாக்டரும் இவதான், நர்ஸும் இவதான். இவ தம்பிக்கு நான் அம்மாவா இவ அம்மாவான்னு அவனுக்கே குழப்பம்.”

பேனா பலத்தின் பக்கத்தில் ஓடியது.

“தூக்கம் எப்படி?”

“வரும் சார். விடியுற நேரத்துக்கு வரும். அப்போ எழுந்து தம்பியைக் கெளப்பணும்.”

“மனசுக்குள்ள எப்படி இருக்கு? பயமா, சோகமா, கோபமா?”

வாலு நெடுநேரம் யோசித்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத் தரவேண்டும் என்ற அக்கறை அவளுக்கு எப்போதும் உண்டு.

“மூணும் இல்ல சார். ஒரு வீட்டுக்குள்ள யாரோ ஒவ்வொரு ரூமா லைட்ட அணைச்சுட்டே வர்ற மாதிரி இருக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டு ரூம்தான் எரியுது.”

மதிப்பீட்டாளர் நிமிர்ந்து பார்த்தார். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ‘சோகம்: ஆம்’ என்று குறித்தார்.

அடுத்தது தாயின் முறை. பெரியவர்களுக்கென்று தனித் தாள். வீட்டின் பலமும் கணக்கில் சேரும்.

“உங்களுக்கு மனசு சோர்ந்து போகுதாம்மா?”

“அதுக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது சார்?”

“தனியா சமாளிக்க முடியுதா?”

“சமாளிக்காம? யார்கிட்டயும் போய் நின்னதில்ல. இன்னிக்கு வரைக்கும் இல்ல.”

முந்தின வாரம்தான் அவள் சுடச்சுட மடித்த விரிப்புக்குள் முகத்தைப் புதைத்து அழுதிருந்தாள். நீராவியோடு நீராவியாகப் போகட்டும் என்று. அதை ஓர் அதிகாரியின் முன்னால் சொல்லலாமா? மானத்தோடு வளர்ந்தவர்கள் எவர் சொல்வார்? அவளுடைய மானமும் பலம் என்ற பக்கத்தில் ஏறியது.

கூட்டினார். கழித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“கண்காணிப்புப் பட்டியல்ல வைக்கிறோம்மா. அடுத்த பருவத்துல மறுபடியும் பாக்கலாம்.”

“உள்ள அனுப்பலையா?”

“சிரமம் நெறையத்தான் இருக்கு. ஆனா பலமும் நெறைய இருக்கு. கழிச்சா... எல்லையத் தாண்டல.”

“கழிச்சாவா?” என்றாள் தாய். விளங்கவில்லை. ஆனாலும் நன்றி சொன்னாள். வாலு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து வரிசையில் சரியாகப் போட்டுவிட்டு நடந்தாள்.

ஞாயிறு மதியம் சித்தி வந்தாள். அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை. வாலுவைச் சன்னலோரம் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, நுனி முடியை வெட்டிக்கொண்டே விசாரணையை நடத்தினாள்.

“தையல்காரன்கூட அளவெடுத்தா ஒரு சட்டை குடுப்பான்டி. இந்தாளு மனச அளவெடுத்துட்டு வெறுங்கையோட அனுப்பிட்டானா?”

“அவரு நல்லவருதான் சித்தி. பாவம், அவரு என்ன பண்ணுவாரு?”

“பாத்தியாக்கா? இதான் வியாதியே. கதவச் சாத்தினவனுக்கும் இவ வக்காலத்து வாங்கறா.”

“நீ வெட்டற வேலையப் பாரு,” என்றாள் தாய்.

“வெட்டிட்டுத்தான் பேசறேன். இங்க பாருடி வாலு, அடுத்த தடவை நீ நல்லவளா இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். நான்தான் அந்த சார்னு வெச்சுக்கோ. ஏம்மா பொண்ணே, பக்கத்துல இருக்கறவங்களுக்கு ஒத்தாசை பண்ணுவியா?”

“எப்பவாவது...”

“எப்பவாவதா? ‘அவங்க யாரு எனக்கு?’ன்னு கேளு. கண்ண உருட்டிக் கேளு.”

“அவங்க... யாரு எனக்கு?”

“தண்ணி குடிக்கப் போகலாமா மிஸ்ஸுன்னு கேக்கற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் விஷம் போடு.”

தாய் சிரித்துவிட்டாள். வாலுவும் சிரித்தாள். தோள் குலுங்கியதில் கத்தரி பிசகி, ஒரு பக்கம் முடி குட்டையாகிப் போயிற்று. “இதுவும் நல்லதுக்குத்தான், பாக்க ரவுடி மாதிரி இருக்க,” என்றாள் சித்தி. வெட்டி முடிந்ததும் வாலு தரையில் கிடந்த முடியைப் பெருக்கத் துடைப்பத்தை எடுத்தாள்.

“வைடி கீழ! கெட்டவ துடைப்பத்தைத் தொடுவாளா?”

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். மருந்து கேட்டுப் போன ஒரு குழந்தைக்கு, அன்பு இல்லாதவளாக நடிப்பது எப்படி என்று அவளை நேசிக்கிறவர்களே பாடம் நடத்துகிறார்கள். இந்தப் பாடத்தை அவர்களுக்கு விதித்தது யார்?

அடுத்த பருவம் வந்தது. அதே அறை, அதே தாள். வாலு மெலிந்திருந்தாள், கன்ன எலும்பு தெரிந்தது. ஒத்திகை பார்த்தபடியே சொன்னாள். வேலையை முடிப்பதில்லை. யாருக்கும் உதவுவதில்லை. அவங்க யாரு எனக்கு? சொல்லும்போதெல்லாம் காது மடல் சிவந்தது. மதிப்பீட்டாளருக்குத் தெரிந்தது, தெரிந்தும் எழுதிக்கொண்டார். எப்படியாவது இவளை உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் வந்துவிட்டிருந்தது.

ஆனால் இந்த முறை மேசை மேல் மூன்றாவது தாள் ஒன்று இருந்தது. பள்ளியிலிருந்து வந்தது. மாணவி தன்னைப் பற்றிச் சொல்வதும் ஆசிரியர் சொல்வதும் முரண்பட்டால் ஆசிரியர் சொல்வதே நிற்கும் என்பது விதி. வகுப்பாசிரியையான கணக்கு டீச்சர், பலம் என்ற பக்கத்தில் ஒரு கட்டத்தையும் விடாமல் உச்ச மதிப்பெண் போட்டிருந்தார். சிரமம் என்ற பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’. கீழே, யாரும் கேட்காமலே, அழகிய கையெழுத்தில் எழுதியும் இருந்தார்: ‘இவளைப் போன்ற மாணவி கிடைத்தது என் பாக்கியம்.’

கூட்டினார். கழித்தார். மிச்சம் எதுவும் இல்லை.

மறுநாள் தாய் வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, சலவைச் சோடா வாசனையோடு பள்ளிக்குப் போனாள். ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், எம் பொண்ணப் பத்தி நல்லவிதமா எழுதியிருக்கீங்க.”

“உள்ளதைத்தானேம்மா எழுதினேன்.”

“அதக் கொஞ்சம் மாத்தி, மோசமா எழுதிக் குடுங்க டீச்சர். உங்க கால்ல விழறேன்.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் அந்தத் தாளை என்னவென்று நினைத்திருந்தார் தெரியுமா? நன்னடத்தைச் சான்றிதழ் என்று. மருத்துவமனையிலிருந்து தாள் வந்ததும், ஐயோ இந்தப் பெண்ணுக்கு ஏதோ கெட்ட பெயர் வரப்போகிறது, எழுத்தால் காப்பாற்றிவிட வேண்டும் என்று பதறினார். வாலுவின் கையிலிருந்த கடித்தழும்பை அவரும் பார்த்திருந்தார். பார்த்ததை எழுதினால் நாளைக்கு மேற்படிப்புக்கும் வேலைக்கும் இடைஞ்சலாகுமே என்று மறைத்தார். ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எழுதிப் பழகிய கை. அதற்கு வேறு எழுத வராது.

“கழிப்பாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலையேம்மா,” என்றார் டீச்சர். “பலத்தைக் கேக்கறாங்கன்னதும், கூட்டுவாங்கன்னுதானே நெனச்சேன்.”

அன்று மாலையே டீச்சர் மருத்துவமனைக்கு ஓடினார். வேறு தாள் கேட்டார். பள்ளியின் தாள் ஆண்டுக்கு ஒரு முறைதான் என்றார் மதிப்பீட்டாளர். சொல்லிவிட்டு அவரால் உட்கார முடியவில்லை. தலைமை மருத்துவரின் அறைக்குப் போனார்.

“சார், அந்தப் பொண்ணு இருக்கற நெலைமைக்கு...”

“படகுல நாலு பேருக்குத்தான் இடம் தம்பி. நீந்தத் தெரிஞ்சவங்க கொஞ்ச நேரம் நீந்தட்டும். நீந்தத் தெரியாதவன முதல்ல ஏத்தணுமா வேண்டாமா? நீயே சொல்லு.”

இளைஞர் ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்காக நான் பதில் சொல்கிறேன். நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவார், ஐயா. கரையிலிருந்து நீங்கள் பார்க்க முடியாத தூரத்தில் மூழ்குவார், அவ்வளவுதான் வித்தியாசம். படகில் இடம் போதவில்லை என்றால் இன்னொரு படகைக் கேட்டுச் சண்டை போட்டிருக்க வேண்டியவர் நீங்கள். சண்டை போடவில்லை. மூழ்குகிறவர்களுக்கு மதிப்பெண் போட்டீர்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்துச் சொல்ல நெஞ்சுரம் இல்லை.

முதலில் வாலு படிப்பை விட்டாள். பையைத் திறந்து பார்ப்பதையும் விட்டாள். தம்பிக்குத் தலை வாரிவிடுவது நின்றது. அவன் வாராத தலையோடு பள்ளிக்குப் போனான், அதையும் அவள் கவனிக்கவில்லை. தோழி ஒருத்தி தேடி வந்தாள். வாசலில் நெடுநேரம் நின்று, கதவுக்கு வெளியிலிருந்தே பேசிப் பார்த்து, திரும்பிப் போனாள். சித்தி வந்து, வாசலிலேயே, “எங்கடி அந்த ரவுடி?” என்று சத்தம் போட்டாள். பதில் இல்லை. அருகே போய் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் முறையாகப் பேச எதுவும் தோன்றாமல் இருந்தாள்.

ஒருநாள் தாய் வேலைக்களைப்பில் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். பாத்திரம் உருண்ட சத்தம் பெரிதாகக் கேட்டது. தம்பிதான் ஓடிவந்து தண்ணீர் தெளித்தான். கண் திறந்த தாய் பார்த்தபோது, வாலு கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

தாய்க்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருந்த பெண். அன்றுதான் தாய்க்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

மூன்றாம் முறை மதிப்பீட்டாளரே வீடு தேடி வந்தார். கட்டிலோரம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். வாலு வாய் திறக்கவில்லை. பலத்தின் பக்கம் முழுவதும் வெறுமையாகவே இருந்தது. ஆண்டு மாறிவிட்டதால் பள்ளியின் பழைய தாளும் இனிச் செல்லாது. இந்த முறை தாயும் எதையும் மறைக்கவில்லை.

“சமாளிக்க முடியுதாம்மா?”

“முடியல சார்.”

“மனசு சோர்ந்து...”

“செத்துப் போச்சு சார். எழுதிக்கங்க.”

கழிப்பதற்கு எதுவும் இல்லாத கணக்கு. அங்கேயே போட்டார். எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. “இடம் கெடைச்சிடும்மா,” என்றார். மகிழ்ச்சியாகச் சொல்ல நினைத்திருப்பார் போலும். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். படியிறங்கும்போது தாளைத் தவறவிட்டு, எடுக்கக் குனிந்தவர், கொஞ்ச நேரம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

உள் கதவு திறந்தது. சித்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சிக்கெடுத்து, கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். ஆலோசகர் நல்ல பெண்மணி, அனுபவசாலி. வாரந்தோறும் பேசினார். பேசாமலும் உட்கார்ந்து பார்த்தார். படம் வரையச் சொல்லிப் பென்சிலைக் கையில் வைத்தார். பென்சில் விரல்களுக்கிடையில் அப்படியே நின்றது. அவர் தேடியது ஒன்றைத்தான்: பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு இவளிடம் மிச்சமிருக்கும் ஏதாவது ஒன்று. தம்பி மேல் பாசமோ, எடுத்ததை முடிக்கும் பிடிவாதமோ, சிரிப்போ, எதுவானாலும் போதும். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் தாயைத் தனியே அழைத்தார்.

“இனி மாத்திரை குடுத்துத்தான் பாக்கணும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். ஆனா உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல. கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா...”

தாய் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

“வந்தோமே மேடம்,” என்றாள். “ரெண்டு தடவை வந்தோமே. வெளியதானே உக்காந்திருந்தோம்.”

கேட்டீர்களா? அந்தத் தாய்க்கு ஆலோசகர் பதில் சொல்லவில்லை. தலைமை மருத்துவர் சொல்லவில்லை. டீச்சர் இன்றுவரை அந்த வீட்டு வழியே போவதில்லை. வாலு உயிரோடு இருக்கிறாள், சுவரைப் பார்த்தபடி. அவளுக்கு நம்மால் இனி ஆவது ஒன்றும் இல்லை. ஆறுதல் தேடி இதைப் படித்திருந்தால் மன்னியுங்கள், என்னிடம் இல்லை.

ஆனால் அந்த நாற்காலிகள் இன்னும் நிரம்பித்தான் இருக்கின்றன. அந்த விதி இன்னும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த நிமிடமும் அங்கே ஒரு பிள்ளை, ‘ஆமாம் சார், எல்லாருக்கும் ஒத்தாசை பண்ணுவேன்’ என்று உண்மையைச் சொல்லித் தன் கதவைத் தானே சாத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே எழுந்திருங்கள். உங்கள் ஊரில் மனதை அளக்கும் இடம் எதுவோ, பள்ளியோ மருத்துவமனையோ அலுவலகமோ, அங்கே போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவையே அழைத்துக்கொண்டு போங்கள். பலத்தை எந்தப் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் அன்பை அதன் வேதனையிலிருந்து இனிக் கழிக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்கும் வரைக்கும், இன்னோர் ஆலோசகருக்கு இன்னோர் அறை திறக்கும் வரைக்கும், அந்த வாசலை விட்டு நகராதீர்கள்.